மேல் படி எனக்கு

உலகத்தில் உள்ள ஒழுகல்களையெல்லாம் நிறுத்திவிடுவது என்று சொட்டு சார் முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் ஒரு முடிவு எடுப்பார்; திங்கட்கிழமை அந்த முடிவு அவரை எடுத்துவிடும். ஆனால் இந்த முறை விஷயம் பெரியது. இந்த முறை அவர் இலைகளின் ஒழுகலைக் கண்டுபிடித்திருந்தார்.

சொட்டு சார் குடிநீர் வாரியத்தில் கசிவு ஆய்வாளர். பெயர் அலுவலகம் வைத்தது. ஆள் உயர இரும்புக் கம்பியைச் சாலையில் ஊன்றி, மேல் நுனியில் காதை வைத்து, மண்ணுக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே அழுகிறது என்று சொல்வது அவர் தொழில். ஆறடி ஆழத்தில் சொட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்கும். ஆறடி தூரத்திலிருந்து மனைவி கூப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்காது. இரண்டுக்கும் ஒரே காதுதானே, அதெப்படி என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்ளத் தயார்.

மனைவி தையற்காரி. வீட்டில் அவளுக்கு ஒரு தையலறை இருக்கிறது. இருக்கிறது என்றால், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு நடைவழி இருக்கிறது. தையல் மெஷினின் அகலம், அதோடு ஒரு முழங்கால். அவ்வளவுதான் அந்த இடம். யாராவது குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் அவள் பெடலில் இருந்து காலை எடுத்து, துணியில் இருந்து ஊசியைத் தூக்கி, எழுந்து, மெஷினைச் சுவரோரம் தள்ளி, தானும் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டும். எட்டு வருடமாக நிற்கிறாள். அவள் தைத்த தையல்களில் பாதி, யாரோ கை கழுவப் போனதால் நடுவில் நின்று மறுபடி தொடங்கியவை.

மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. காலி என்று சொன்னால் சொட்டு சாருக்குக் கோபம் வரும். அதில் அவருடைய சேகரிப்பு இருந்தது. நூற்று நாற்பத்திரண்டு பழைய குழாய்கள்: பித்தளை, வெண்கலம், மூக்கு உடைந்தது, தலை திருகியது, ஒரு ரயில் பெட்டியில் இருந்தது. எதிலும் தண்ணீர் வராது. அதனால்தான் அவருக்கு அவற்றின் மேல் அவ்வளவு பிரியம். தண்ணீர் வராத குழாய் ஒழுகாது.

அந்த அறையை மனைவி கேட்டுப் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். ஒருமுறை அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய் அறையை அளந்துகூடப் பார்த்தாள். கடைசியாகக் கேட்டது போன மாதம். கீழ்வீட்டு நர்ஸ், தன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கான கவுன்களைத் தைக்கிற வேலையை இவளுக்கே வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள். ஒரே நிபந்தனை. மூன்று மாதம் கழித்து மேட்ரன் நேரில் வந்து இடத்தைப் பார்ப்பார். இரண்டு மெஷின் போட்ட, காற்றும் வெளிச்சமும் உள்ள அறை இருக்க வேண்டும்.

"மேட்ரன் வந்தா நடைவழியில எங்கங்க நிக்க வைக்கிறது? அவங்க பாத்ரூம் வாசல்ல நின்னாத்தான் எனக்கு மெஷின் முன்னாடி உக்காரவே இடம் இருக்கும்."

"அந்த ரூம்ல என் நாற்பது வயசு குழாய் இருக்கும்மா."

"என் நாற்பது வயசு இடுப்பு இங்க இருக்குங்க."

"பார்க்கலாம்."

சொட்டு சாரின் 'பார்க்கலாம்' எதையும் பார்த்ததில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மாடியில் மனைவி ஒரே ஒரு தக்காளிச் செடி வளர்த்திருந்தாள். அதன் கிளையொன்றில் ஒரு பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டிருந்தது. காற்றில் பறந்து வந்திருக்க வேண்டும் என்று சொட்டு சார் நினைத்தார். கவரின் கழுத்தில் நூல் சுற்றியிருந்தது. அதைப் பிய்த்து எறிந்தார். அந்த வீட்டில் நூல் எங்கேதான் இல்லை? சாப்பாட்டுத் தட்டிலும் இருக்கும், அவர் தலையிலும் இருக்கும். கவரைக் கழற்றிச் சாய்த்தார். உள்ளங்கை நிறையத் தண்ணீர்.

அவர் வாயிலிருந்த நுரை அப்படியே நின்றது. பிரஷ்ஷோடு கீழே ஓடினார்.

"உன் செடி ஒழுகுது."

மனைவி ஒரு சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "தொட்டியில ஓட்டை இருக்கத்தாங்க செய்யும். ஓட்டை இல்லைன்னா வேர் மூச்சு முட்டிச் செத்துடும்."

"தொட்டி இல்லம்மா, இலை. ஒரே கிளையில இருந்து இவ்வளவு தண்ணி. மத்த கிளையெல்லாம் சேர்த்து யோசிச்சுப் பாரு. நீ ஊத்துறதெல்லாம் வானத்துக்குப் போகுது."

"அது செடியோட வேர்வைங்க. குடிக்கிற தண்ணியில பெரும்பகுதி இலை வழியா ஆவியாப் போயிடும். அப்படிப் போனாத்தான் கீழ இருந்து..."

"ஆவியாப் போறதுக்கு எங்க டிபார்ட்மென்ட்ல என்ன பேர் தெரியுமா? இழப்பு."

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க விட்டால்தானே. மனைவியின் வாக்கியத்தை நடுவில் வெட்டுவது கசிவைத் தடுப்பது மாதிரி ஒரு சேவை என்று இந்த வகைக் கணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அன்று மட்டும் அவர் அந்த வாக்கியத்தை முடிக்க விட்டிருந்தால் குழாய்கள் இன்றும் மாடியில் இருந்திருக்கும்.

"நான் வளர்த்துக் காட்டறேன்," என்றார். "ஒரு சொட்டு ஒழுகாம. தண்ணி பூரா செடிக்குள்ளேயே நிக்கும். நின்னா வேற எங்க போகும், காய்க்குத்தான் போகும். சாதாரண கணக்கு. நீ நாலு செடி, நான் நாலு செடி. எழுபது நாள்."

"ஜெயிச்சா?"

"நான் ஜெயிச்சா அந்த ரூமைப் பத்தி இனிமே பேச்சே எடுக்கக் கூடாது."

"நான் ஜெயிச்சா?"

சொட்டு சார் சிரித்தார். நடக்காத விஷயத்துக்கு வாக்குக் கொடுப்பதில் அவர் தாராளமானவர். "ரூம் உனக்கு. குழாய்ங்களை நானே சுமந்து இறக்கறேன்."

மனைவி காலரைக் கீழே வைத்துவிட்டுக் கீழ்வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். "அக்கா, ஒரு நிமிஷம் மேல வாங்க. இவர் ஏதோ சொல்றாரு, நீங்களும் கேளுங்க."

நர்ஸ் வந்தாள். அவளையே நடுவராக வைத்துக்கொள்ளலாம் என்று சொட்டு சாரே சொன்னார். முகம் பார்க்காமல் ஊசி போடுகிறவள். அவளைவிட நடுநிலையான ஆள் கிடைக்க மாட்டாள் என்பது அவர் எண்ணம். பிறகு விதிகளைச் சொன்னார். ஒரே பண்ணையில் வாங்கிய ஒரே வயதுக் கன்றுகள். ஒரே அளவுத் தொட்டி. மாடிக் குழாய்க்குப் பூட்டு, சாவி அவரிடம்.

"உனக்கு ஒரு நாளைக்கு எத்தனை குவளை வேணும்னு சொல்லு, அளந்து தரேன்."

"வேணாம்ங்க."

"ஒரு குவளை கூடவா?"

"மாடிக் குழாயையே நான் தொட மாட்டேன்."

சொட்டு சார் நர்ஸைப் பார்த்துக் கண்ணடித்தார். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"தொட்டிங்களை அந்த ரெண்டு படி மர ஸ்டாண்டுல வைப்போம். மேல் படி எனக்கு."

"சரிங்க."

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"நீங்க எப்பவும் மேலதானேங்க."

இதில் ஏதோ குத்தல் இருக்கிறதா என்று அவர் யோசிப்பதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள். "மேல இருந்து கீழ சிந்துற தண்ணி யாருக்குங்க சொந்தம்?"

"யாருக்கும் இல்ல. குழாயை விட்டு வெளிய வந்துட்டா அது போனது போனதுதான். எங்க விதிப் புத்தகம், பதினேழாம் பக்கம்."

"அக்கா, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"கேட்டுக்கிட்டேன்," என்றாள் நர்ஸ்.

வேலை தொடங்கியது. சொட்டு சார் கிளைக்கு ஒரு கவர் போட்டு, ரப்பர் பேண்டால் கழுத்தை இறுக்கினார். கன்று வளர வளரக் கவரும் வளர்ந்தது. உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தபோது அவருக்கு வந்த ஆனந்தம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. கவர்களைச் சாய்த்து, அந்தத் தண்ணீரைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினார். அலுவலகத்தில் இதைப் பற்றி ஒரு உரையே நிகழ்த்தினார். கேட்டவர்கள் தேநீர் முடிந்ததும் எழுந்து போனார்கள்.

மனைவி தன் நான்கு தொட்டிகளைக் கீழ்ப் படியில் வைத்தாள். பிறகு மிச்சத் துணியில் நீலமாக ஒரு நீளச் சுருக்குத் துணி தைத்து, வெள்ளைக் கரை கட்டி, கீழ்ப் படியின் விளிம்பிலிருந்து தரைவரை சுற்றிலும் தொங்கவிட்டாள்.

"செடிக்குப் பாவாடையா?" என்றார் சொட்டு சார்.

"அழகா இருக்கட்டுமேங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தத் துணியை அதற்குப் பிறகு அவர் பார்க்கவில்லை. அவள் தைத்த எதைத்தான் பார்த்தார்? அவர் சட்டையில் எட்டு வருடமாகப் பொத்தான்கள் தானாக முளைக்கின்றன என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் ஒரு சிக்கல். மேல் படித் தொட்டிகளில் மண் காயவே இல்லை. ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. செடி குடிக்க மறுத்தது. குடிக்காத குழந்தையைப் பார்க்கிற தாய் மாதிரி அவர் தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தொழில் அறிவு கைகொடுத்தது. கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் என்ன செய்வோம்? அழுத்தத்தைக் கூட்டுவோம்.

மேஜை மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் டிரம், டிரம்மில் இருந்து நான்கு டியூப். அழுத்தம் கூடியது. தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்து, வேரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடி ஓட்டை வழியாக இறங்கிப் போய்விட்டது. சொட்டு சார் ஓட்டையை அடைக்கப் போனார். தொட்டி ஓட்டையை யாரும் அடைக்கக் கூடாது என்று விதியில் இருப்பதை நர்ஸ் நினைவுபடுத்தினாள். அந்த விதியை எழுதியவர் அவரேதான். மனைவி தன் தொட்டிகளில் ஏதாவது தந்திரம் செய்துவிடுவாள் என்ற பயத்தில் எழுதியது.

அடுத்து உரம். வாளிக்கு ஒரு ஸ்பூன் என்று பாக்கெட்டில் எழுதியிருந்தது. அது விவரம் தெரியாதவர்களுக்கு என்று அவர் முடிவு செய்து ஐந்து ஸ்பூன் போட்டார். இலைகளின் ஓரம் பழுப்பாகி உள்பக்கம் சுருண்டது. பசி என்று நினைத்து ஏழு போட்டார்.

ஒரு நாள் காலை, வேலை முடிந்து வந்த நர்ஸ் துணி உலர்த்த மாடிக்கு வந்தாள். கவரும் டியூபுமாக நின்ற நான்கு செடிகளையும் வரிசையாகப் பார்த்தாள்.

"ஐ.சி.யூ.வா சார்?"

"வளர்ற செடி சிஸ்டர். கொஞ்சம் சோர்வா இருக்கு, அவ்வளவுதான்."

"எவ்வளவு உப்பு குடுக்கறீங்க?"

"உப்பு இல்ல, உரம்."

"உரம்னா என்ன சார், அதுவும் உப்புதானே. சுத்தி உப்பு கூடிப்போச்சுன்னா, உள்ள இருக்கிற தண்ணியையும் அது வெளிய இழுத்துடும். நாங்க டிரிப் ஏத்தும்போது அந்த அளவைத்தான் மொதல்ல பார்ப்போம்."

"அது மனுஷனுக்கு."

"செடிக்குத் தனியா வேற உப்பு கண்டுபிடிச்சிருக்காங்களா சார்?"

இப்படிக் கேள்வி வந்தால் அவருக்கு வேலை ஞாபகம் வந்துவிடும். வந்தது. போனார்.

அவரை உண்மையில் அரித்தது மேல் படி அல்ல, கீழ்ப் படி. மனைவியின் செடிகள் இடுப்பளவு வளர்ந்து, மஞ்சள் பூ விட்டு, காயும் பிடித்துவிட்டன. இலைகள் வெயிலில் சும்மா ஆடிக்கொண்டிருந்தன, ஒரு கவர் இல்லாமல், வெட்கமில்லாமல், ஒழுகிக்கொண்டு. ஆனால் அவள் குழாயைத் தொடவில்லை. குவளையைத் தொடவில்லை. தண்ணீரே குடிக்காமல் எந்தச் செடி வளரும்?

திருட்டு. வேறென்ன?

தண்ணீர் டேங்கின் உள்ளே அவளுடைய தையல் சாக்கட்டியாலேயே மட்டக் கோடு போட்டார். கோடு நகரவில்லை. குழாய்க்கு இரண்டாவது பூட்டுப் போட்டார். யாரும் திறக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அலுவலகம் போவதாகச் சொல்லிவிட்டு, டேங்குக்குப் பின்னால் குடையோடு குந்தியிருந்தார்.

பதினோரு மணிக்கு மனைவி வந்தாள். கையில் ஒரு வாளி. சொட்டு சாரின் முதுகு நிமிர்ந்தது. வாளிக்குள் தண்ணீரில் ஊறிய புதுத்துணி. வெட்டுவதற்கு முன்னால் பருத்தித் துணியை ஊறவைத்துச் சுருங்க வைப்பது அவள் வழக்கம். இல்லாவிட்டால் தைத்த பிறகு முதல் துவையலில் சட்டை குழந்தைக்குப் போய்ச் சேரும். ஸ்டாண்டுப் பக்கமாகக் குனிந்து துணியைப் பிழிந்தாள், உதறினாள், கொடியில் போட்டாள். துணி வேலை, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவர் கொட்டாவி விட்டார். அவள் படி வரை போனாள். திரும்பாமலே கேட்டாள்.

"டீ வேணுமாங்க?"

டேங்க் குடையை மடக்கியது. பிறகு, "சர்க்கரை கம்மியா," என்றது.

எழுபதாவது நாள் நர்ஸ் சீருடையிலேயே வந்தாள். மேட்ரன் வர இன்னும் பத்து நாள். மனைவி புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை சும்மா இருந்து அவர் பார்த்ததில்லை என்பதால் அதையும் அவர் கவனிக்கவில்லை.

கீழ்ப் படியில் முப்பத்தொரு தக்காளி. மேல் படியில் ஒன்று. அதுவும் கோலிக்குண்டு அளவு, கவருக்குள் வெந்த மாதிரி.

"முடிவு சொல்லவே வேணாம் போலிருக்கே," என்றாள் நர்ஸ்.

"ஆட்சேபணை," என்றார் சொட்டு சார். "தண்ணி இல்லாம செடி வளராது. இவ குழாயைத் தொடலைன்னா, எங்கேயோ இருந்து தண்ணி வருது. திருட்டு நிரூபணமானா போட்டி ரத்து."

"நிரூபிங்களேன்," என்றாள் மனைவி.

அவர் கம்பியைக் கொண்டுவந்தார். இருபத்திரண்டு வருட அனுபவம் அந்தக் காதில் இருந்தது. கீழ்ப் படித் தொட்டியின் விளிம்பில் கம்பியை வைத்து, கண்ணை மூடி, காதை ஒட்டினார். அவர் முகம் மலர்ந்தது.

"சொட்டுது. கேக்குது. இங்கதான், அடியில."

கம்பியைப் படியில் வைத்தார். இன்னும் பலமாகக் கேட்டது. தரையில் வைத்தார். அப்போதுதான் அந்த நீலத் துணி அவர் கண்ணில் முதல்முறையாகப் பட்டது. வெற்றிக் களிப்போடு அதை விலக்கினார்.

ஸ்டாண்டின் அடியில் அகலமாக ஒரு பிளாஸ்டிக் டப். அதில் நிறையத் தண்ணீர். தண்ணீருக்குள் இருந்து விரல் தடிமனில் முறுக்கிய பருத்தித் துணித் திரிகள் கிளம்பி, படிச் சட்டங்களின் இடுக்கு வழியே ஏறி, ஒவ்வொரு தொட்டியின் அடி ஓட்டைக்குள்ளும் நுழைந்திருந்தன. திரிகள் நுனிவரை ஈரமாக இருந்தன.

"கள்ள இணைப்பு," என்றார் சொட்டு சார். குரலில் அலுவலகம் ஏறிவிட்டது. "பாருங்க சிஸ்டர், கையும் களவுமா. நாலு இணைப்பு."

"சரி சார். தண்ணி எந்த லைன்ல இருந்து வருது?"

"அதைத்தான் இப்ப..." கம்பியைத் தூக்கிக்கொண்டு சத்தத்தின் பின்னால் போனார். டப்பில் விழுகிற சொட்டு. அதற்கு மேலே மேல் படிச் சட்டத்தின் இடுக்கு. அதற்கு மேலே ஒரு தொட்டியின் அடி ஓட்டை. அந்தத் தொட்டிக்கு ஒரு டியூப். டியூபுக்கு மேலே ஸ்டூல். ஸ்டூலுக்கு மேலே அவருடைய டிரம்.

கம்பி அவர் கையிலிருந்து மெல்லச் சரிந்தது.

"எழுபது நாள்," என்றாள் நர்ஸ். "ரெண்டு வேளையும் நீங்கதான் சார் ஊத்தியிருக்கீங்க, அப்புறம் உரம் வேற கலந்து. இந்த அளவு கவனிப்பு எங்க ஆஸ்பத்திரியிலகூடக் கிடையாது."

"அந்த உரம் என் செடியைக் கருக்கிடுச்சு," என்று முனகினார். "உன்னுதை மட்டும் ஏன் விட்டுது?"

"துணி ஊறவச்ச தண்ணி வாளியில வீணாத்தாங்க கிடந்தது. கீழ சமையலறையில துணிக்காகப் பிடிச்சது. தெனமும் வாளியையும் உள்ள சாய்ச்சு, துணியையும் அதுமேலயே பிழிஞ்சேன். உப்பு நீர்த்துப் போச்சு. நீங்ககூட டேங்குக்குப் பின்னால இருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

"ஆனா என் தண்ணி..."

"குழாயை விட்டு வெளிய வந்துட்டா," என்று நர்ஸ் எடுத்துக்கொடுத்தாள்.

"போனது போனதுதான். பதினேழாம் பக்கம்," என்று மனைவி முடித்தாள். "அன்னிக்கு நான் சொல்ல வந்ததையும் இப்ப சொல்லிடறேன். இலை வழியாத் தண்ணி ஆவியாப் போனாத்தாங்க, கீழ இருந்து வேர் அடுத்த தண்ணியை இழுக்கும். மண்ணுல கரைஞ்ச சத்தும் அதோடதான் ஏறி வரும். இந்தத் திரி மாதிரிதான். மேல் நுனி காஞ்சாத்தான் கீழ் நுனி உறிஞ்சும். நீங்க மேல் நுனியைக் கட்டி வச்சுட்டு, அடியில ஊத்து ஊத்துன்னு ஊத்தினீங்க."

அந்த வாக்கியம் முடிய எழுபது நாள் பிடித்தது. சொட்டு சார் இந்த முறை குறுக்கே பேசவில்லை.

வாக்கு வாக்குதான். நூற்று நாற்பத்திரண்டு குழாய்களையும் அவரே சுமந்து இறக்கினார். முப்பதாவது குழாயில் முதுகு பிடித்தது. நர்ஸ் ஊசி போட்டாள், வழக்கம்போல முகம் பார்க்காமல். பத்தாம் நாள் மேட்ரன் மாடிக்கு வந்தார், அறையைப் பார்த்தார், ஜன்னல் வழியே தக்காளியைப் பார்த்தார், கவுனுக்கு ஆர்டர் கொடுத்தார், ஆறு தக்காளியும் வாங்கிக்கொண்டு போனார்.

குழாய்கள் இப்போது நடைவழியில் இருக்கின்றன. அவற்றின் நடுவில் சொட்டு சார் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து துடைக்கிறார். யாராவது குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் அவர் எழுந்து, நாற்காலியைத் தள்ளி, சுவரோடு சுவராக நிற்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார்.

ஒரு மாலை தேநீரை எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போனார். இரண்டு மெஷின்களும் வரிசையாக நின்றன. ஜன்னலுக்கு வெளியே தக்காளி இலைகள் ஆடின. வாசலிலேயே நின்றார்.

"ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும்," என்றார். "இதுல திறமை பாதின்னா அதிர்ஷ்டம் பாதி. அன்னிக்கு அந்தக் கவர் காத்துல பறந்து வந்து உன் செடியில மாட்டலைன்னா, நான் பந்தயம்னு வாயே திறந்திருக்க மாட்டேன்."

மனைவி தைத்து முடித்த கவுனின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"காத்துக்கு முடிச்சுப் போடத் தெரியுமாங்க?"